கொச்சியை எதில் ஏறிப் பார்ப்பது?

கொச்சிக்குப் போகப்போவதாக யாராவது சொன்னால், எந்த ஓட்டல், என்ன சாப்பாடு என்றெல்லாம் நான் கேட்பதில்லை. எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு எதில் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பேன். "கார் இருக்குதுங்க" என்று பதில் வந்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். காரில் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. தேவரா, வில்லிங்டன் தீவு, தோப்பும்படி என்று பாலம் பாலமாக ஏறி இறங்கி, தோப்பும்படி நெரிசலில் ஒரு பாட்டம் நின்று, எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அது ஒரு வீட்டுக்குள் கொல்லைப்புறம் வழியாக நுழைவது மாதிரி. கொச்சியின் தலைவாசல் தண்ணீர்ப் பக்கம் இருக்கிறது.

கோயம்புத்தூர்க்காரர்களான எங்களுக்குக் கொச்சி பக்கத்து ஊர். காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு எர்ணாகுளம். அதனாலேயே அதை யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை. சீன வலை முன்னால் ஒரு படம், வாஸ்கோடகாமா சர்ச்சில் ஒரு படம், அங்கிருந்து வண்டியில் ஏறி யூதர் தெருவில் இறங்கி ஏலக்காய் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் லுலு மால். இந்தத் திட்டத்தில் கோட்டைப் பக்கம் ஒரு புள்ளி, மட்டாஞ்சேரியில் ஒரு புள்ளி. நடுவில் கண்ணாடி ஏற்றிய காரில் கடந்துபோகிற இரண்டு இரண்டரை கிலோமீட்டர் இருக்கிறதே, கொச்சி என்கிற ஊரே அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

இந்த ஊரைத் தண்ணீர்தான் உண்டாக்கியது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம், சங்கப் பாடல்களில் யவனர் மரக்கலங்கள் வந்து நின்ற முசிறித் துறையை மண்மூட வைத்து, தெற்கே கொச்சியில் கடலுக்கு ஒரு வாயைத் திறந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. துறைமுகம் நகர்ந்ததும் மிளகு நகர்ந்தது. மிளகுக்குப் பின்னால் வியாபாரிகளும் அரச குடும்பமும் வந்தார்கள். 1500இல் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள்; 1503இல் கோட்டை கட்டினார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். எல்லாரும் கடல்வழி வந்தவர்கள். அரண்மனை, பண்டகசாலை, சர்ச், சந்தை எல்லாம் தண்ணீரிலிருந்து இறங்குகிறவனுக்காகக் கட்டியவை. சாலை பிற்பாடு வந்தது.

ஆகவே படகு. அதிலும் இரண்டு வகை இருக்கிறது. இரண்டும் காட்டுவது ஒரே ஊரை இல்லை.

எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து கிளம்பும் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுதான் பழையது. டிக்கெட் இன்னமும் சில ரூபாய்தான். மோட்டார் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. டீசல் வாசனை, மரப் பெஞ்சு, பக்கவாட்டில் திறந்த சன்னல்கள். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலையை வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நம்மைப் போல வந்தவர்கள் மட்டும். வலப்பக்கம் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தின் ராட்சதக் கிரேன்கள். இடப்பக்கம் வில்லிங்டன் தீவு.

அந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொச்சித் துறைமுகத்தின் வாயில் நெடுங்காலம் ஒரு மணல்திட்டு குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கெல்லாம் வள்ளத்தில்தான் வந்து போனது. ராபர்ட் பிரிஸ்டோ என்கிற பொறியாளர் 1920இல் வந்து இந்தத் திட்டை வெட்டும் வேலையை எடுத்துக்கொண்டார். 1928இல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. வாரிய சேற்றையும் மணலையும் என்ன செய்வது? காயலின், அதாவது கடலோடு சேர்ந்த உப்பங்கழியின், நடுவில் கொட்டிக் கொட்டித் தீவாக்கிவிட்டார்கள். ரயில் நிலையம், கடற்படைத் தளம், துறைமுக அலுவலகம், நட்சத்திர ஓட்டல் எல்லாம் அந்தச் சேற்றின் மேல்தான் நிற்கின்றன. காரில் அந்தத் தீவைக் கடக்கும்போது அது ஒரு தூங்குமூஞ்சிச் சாலை. படகிலிருந்து பார்த்தால்தான் காயலின் நடுவில் மனிதன் போட்ட மண் என்று தெரிகிறது.

புதியது வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கியது. ஃபோர்ட் கொச்சிக்கு அடுத்த ஆண்டு வந்தது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய படகுகள். பேட்டரியில் ஓடுவதால் சத்தமே இல்லை, ஏசி உண்டு, நூறு பேர் போகலாம். எனக்குப் பிடித்தது அதன் துறைமேடை. அது மிதக்கிறது. ஓதம் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். சக்கர நாற்காலியை அப்படியே உருட்டிக்கொண்டு போகலாம். பழைய படகில் அது நடக்காது. ஆடுகிற விளிம்பில் கால்வைத்துத் தாண்ட வேண்டும். படகுக்காரர் கையைப் பிடித்து இழுத்துவிடுவார்.

மூட்டுவலி உள்ள என் அத்தையை அழைத்துப்போனபோது வாட்டர் மெட்ரோவில்தான் போனோம். உட்கார்ந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, போட்டுல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னே, இது ஆஸ்பத்திரி வெயிட்டிங் ரூமாட்டம் இருக்குது?" என்றார். திறக்காத கண்ணாடி, காற்று இல்லை, உப்பு வாசனை இல்லை, தண்ணீர் முகத்தில் தெறிப்பதில்லை. ஆனால் இறங்கும்போது யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். அந்தச் சந்தோஷம் அவர் முகத்தில் நாள் முழுக்க இருந்தது. போகும்போது ஒன்று, வரும்போது இன்னொன்று என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

எர்ணாகுளத்துக் கரையோரம் மெரைன் டிரைவில் நின்றால் சுற்றுலாப் படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள். சினிமாப் பாட்டு, ஒலிபெருக்கி வர்ணனை, மேல்தளத்தில் ஆட்டம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஊரைப் பார்க்க அது வேண்டாம்.

இதையெல்லாம்விட நான் அதிகம் சிபாரிசு செய்வது ஜங்கார். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே கார், பைக், லாரி, ஆட்களை ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும் தட்டைப் படகு. 2018இல் புதிய ரோ-ரோ கலங்கள் வந்துவிட்டன. ஊர்க்காரர்கள் வாயில் இன்னமும் ஜங்கார்தான். அக்கரைக்குச் சில நிமிடப் பயணம். துறைமுகத்தின் வாயையே குறுக்கே கடக்கிறது. ஒரு பக்கம் திறந்த அரபிக் கடல், மறுபக்கம் காயல், நடுவில் உள்ளே வரும் கப்பலுக்கு வழிவிட்டு நிற்கும் ஜங்கார். கன்டெய்னர் கப்பல் ஒன்று நூறு இருநூறு மீட்டரில் நகர்ந்துபோகும்போதுதான் இந்தச் சின்ன வாய்க்காக இத்தனை நாட்டுக்காரன் ஏன் சண்டை போட்டான் என்பது உறைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஓங்கில்களும் (டால்பின்கள்) தென்படும். ஏறிப் போய், இறங்காமலே திரும்பி வருகிறவர்களும் உண்டு. டிக்கெட் மட்டும் மறுபடி எடுக்க வேண்டும்.

சீன வலைகளை முழுசாகப் பார்க்கத் தோதான இடமும் ஜங்கார்தான். கரையில் நின்று பார்த்தால் கடைகளும் செல்ஃபிக் கூட்டமும் மறைக்கும். தண்ணீரிலிருந்து பார்த்தால் அந்தப் பொறி புரிகிறது. ஒரு பக்கம் விரிந்த வலை, மறுபக்கம் கயிற்றில் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள்; இரண்டுக்கும் நடுவே எடை சமமாக இருப்பதால் ஓர் ஆள் பிரதான மரத்தின் மேல் நடந்துபோனாலே வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். சில நிமிடம் கழித்து நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி அமரும், வலை மேலே வரும். சீனர்கள் கொண்டுவந்தது என்பது ஒரு கதை. மக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது என்பது இன்னொரு கதை. இன்றைக்கு வலையில் மீனைவிட ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும்தான் அதிகம் வருகின்றன. "வாங்க, இழுத்துப் பாருங்க" என்று கூப்பிட்டு, இழுத்து முடித்ததும் காசு கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். பக்கத்துக் கடையில் கிடக்கும் முழங்கை நீள மீன் அந்த வலையில் விழுந்ததா என்று மட்டும் கேட்கக் கூடாது.

கரையேறியதும் ஃபோர்ட் கொச்சி. பெயரில் கோட்டை இருக்கிறதே தவிர, கோட்டை இல்லை. ஆங்கிலேயர்கள் 1806இல் வெடிவைத்துத் தகர்த்தது போக மிச்சம் சில கொத்தளத் துண்டுகள்தான். தெருக்களும் மழைமரங்களும் டச்சுக்காலத்து ஓட்டு வீடுகளும்தான் இங்கே பார்க்கவேண்டியவை. அதற்குக் காலால் நடப்பதைத் தவிர வேறு எதுவும் உதவாது. காலை ஆறரை ஏழு மணிக்குள் தொடங்கிவிட வேண்டும். ஒன்பதுக்கு மேல் வியர்வையில் சட்டை ஒட்டிக்கொள்ளும், வரலாறு மூளையில் ஏறாது.

புனித பிரான்சிஸ் தேவாலயத்தை எல்லாரும் வாஸ்கோடகாமா சமாதி என்றே சொல்வார்கள். அவர் 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார். 1539இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். ஆக, கம்பியடைப்புக்குள் இருக்கும் கல்லுக்குக் கீழே ஆள் இல்லை. சுற்றுலாக் கூட்டம் அந்தக் கல்லைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறது. ஒரு நிமிடம் நின்று கூரையைப் பாருங்கள்: நீளத்துக்கும் தொங்கும் துணி விசிறிகள். கயிறு சுவரைத் துளைத்து வெளியே போகிறது. உள்ளே துரைமார் பிரசங்கம் கேட்க, வெளியே வெயிலில் உட்கார்ந்து ஒருவன் அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான். கத்தோலிக்கச் சர்ச்சாகத் தொடங்கி, டச்சுக்காரர் கையில் சீர்திருத்தச் சபையாகி, ஆங்கிலேயரிடம் ஆங்கிலிக்கன் சபையாகி, இப்போது தென்னிந்தியத் திருச்சபை. சாந்தா குரூஸ் பசிலிக்கா பக்கத்திலேயே இருக்கிறது, பெரியது, வண்ணமயமானது. இன்றைய கட்டடம் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தது, ஏனென்றால் பழையதையும் ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டார்கள்.

நடந்துகொண்டே நினைத்துப் பார்க்கவேண்டிய ஒன்று: இந்த ஃபோர்ட் கொச்சி 1956 வரை நம் சென்னை ஆட்சியின் கீழ் இருந்தது. மலபார் மாவட்டத்தோடு சேர்ந்த 'பிரிட்டிஷ் கொச்சி'. அரை மணி நேரம் நடந்தால் வரும் மட்டாஞ்சேரியோ கொச்சி ராஜாவின் சமஸ்தானம். ஒரே ஊருக்குள் இரண்டு அரசாங்கம், இரண்டு சட்டம். இன்றைக்கு எந்தப் பலகையும் அந்த எல்லையைச் சொல்வதில்லை. கால்தான் சொல்லும்: மரநிழல் குறையும், தெரு நெருங்கும், காப்பிக் கடை போய் மூட்டை வரும்.

அதற்குள் குறைந்தது பத்து ஆட்டோக்காரர்கள் பக்கத்தில் வந்து நிறுத்தியிருப்பார்கள். "சார், ஃபுல் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எல்லாம் காணிக்காம்" (எல்லாம் காட்டுகிறேன்). சொல்கிற காசு நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும். கணக்கு என்னவென்றால், நடுவில் இரண்டு மூன்று பெரிய கைவினைக் கடைகளில் நிறுத்துவார். நாம் ஒன்றும் வாங்காவிட்டாலும் பத்து நிமிடம் உள்ளே சுற்றினால் அவருக்கு ஏதாவது கிடைக்கும். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன்; நம் சவாரிக்குக் கடைக்காரர் பாதி வாடகை கொடுக்கிறார், அவ்வளவுதான். பிடிக்காதவர்கள் ஏறும் முன்பே, "சேட்டா, கடை வேண்டாம், காசு கூடத் தரேன்" என்று சொல்லிவிடலாம். தமிழிலேயே சொல்லலாம், புரியும். அத்தையோடு போன அன்று உச்சிவெயிலில் ஆட்டோதான் எங்களைக் காப்பாற்றியது. ஓட்டுநர் அவரை "அம்மச்சி" என்று கூப்பிட்டுக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கினார். கடையில் நிறுத்தியபோது அத்தை உள்ளே போய் ஒரு மணி நேரம் விலை கேட்டுவிட்டு ஒன்றுமே வாங்காமல் வந்தது தனிக் கதை. ஓட்டுநருக்கு நிச்சயம் லாபம்தான்.

இனி அந்த இரண்டரை கிலோமீட்டர். கால்வத்தியிலிருந்து மட்டாஞ்சேரி வரை காயலை ஒட்டிப் போகிறது பஜார் ரோடு. சாலை என்று பெரிய பெயர். ஒரு லாரி நின்றால் இன்னொரு லாரி நிற்க வேண்டியதுதான். இடப்பக்கம் வரிசையாகப் பண்டகசாலைகள். தெருவில் ஒரு பெரிய மரக்கதவு, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கிடங்கு, அதைத் தாண்டினால் படித்துறை, தண்ணீர். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு வாசல். வள்ளத்தில் வந்த மிளகு பின்வாசலில் ஏறும், எடை போடப்படும், முன்வாசலில் கணக்கு முடியும். இல்லாவிட்டால் தலைகீழாக. இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கிடங்கின் முன்னால் நின்றால், இருட்டைத் தாண்டிக் காயல் பளபளக்கிறது தெரியும். படகிலிருந்து காலையில் பார்த்த மங்கலான ஓட்டுக் கூரைகள் இவைதான்.

இப்போது மிளகு குறைவு. அரிசி, வெங்காயம், டீத்தூள், பருப்பு, கொப்பரை, சுக்கு. சுக்குக் கிடங்கைக் கண்டுபிடிக்க விலாசம் வேண்டாம்; தொண்டை கமறும். நீலச் சட்டை போட்ட சுமைதூக்கும் தொழிலாளர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவார்கள். ஒதுங்கி நிற்பது நம் கடமை. படமெடுக்கிறேன் என்று வழியில் நின்றால் மலையாளத்தில் கிடைப்பது வரவேற்புரை அல்ல. இந்தத் தெருவில் சைக்கிளும் ஓட்டமுடியாது, காரும் நகராது. நடக்கவேண்டும், அதுவும் வேலைநாள் காலையில். பழைய கிடங்குகள் சில கலைக்கூடங்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறிவிட்டன. 2012இல் கொச்சி-முசிறிஸ் பினாலே என்கிற கலைத் திருவிழா தொடங்கியபோது, 1867இல் நிறுவப்பட்ட ஆஸ்பின்வால் கம்பெனியின் கடலோர வளாகம்தான் முதன்மைக் கூடமானது. கலை எனக்கு அவ்வளவாக விளங்குவதில்லை. ஆனால் பூட்டிக் கிடந்த பண்டகசாலைகளுக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார முடிந்தது பெரிய விஷயம். நான் ஓவியத்தைவிட உத்தரத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

பஜார் ரோட்டிலிருந்து மேற்கே கிளைக்கும் சந்துகளுக்குள் போக உள்ளூர் ஆள் ஒருவர் கூட இருந்தால் நல்லது. நடைபயணம் கூட்டிப்போகிறவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். காசு கொடுத்துக் கேட்கத் தகுந்த ஒரே சேவை இதுதான் என்பேன். ஏனென்றால் இங்கே எதற்கும் பலகை கிடையாது. கோவாவிலிருந்து வந்த கொங்கணிகளின் திருமலைக் கோயில், குஜராத்தித் தெரு, நடுப்பகலில் புறாக்களுக்குத் தானியம் இறைக்கும் தர்மநாதர் சமணக் கோயில், கச்சி மேமன்கள், தக்னி முஸ்லிம்கள், தமிழ்க் குடும்பங்கள் என்று கூப்பிடு தூரத்துக்கு ஒரு மொழி. 1653இல் சிலுவையில் கயிறு கட்டி ஆயிரக்கணக்கான சிரியன் கிறிஸ்தவர்கள் போர்ச்சுக்கீசியப் பாதிரிகளுக்கு எதிராகச் சத்தியம் செய்த கூனன் குரிசு (வளைந்த சிலுவை) இங்கேதான். கூட்டம் இழுத்ததில் சிலுவையே வளைந்துவிட்டது என்பார்கள்.

இந்தச் சந்துகளில் என்னை அதிகநேரம் நிற்கவைத்தது ஒரு முக்கில் இருக்கும் சின்ன மாடம். காப்பிரி முத்தப்பன். டச்சுக்காரர்கள் வந்து பிடிக்கும் நேரத்தில் ஓடிப்போன போர்ச்சுக்கீசியர்கள், புதையலைப் புதைத்து, அதற்குக் காவலாகத் தங்கள் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள் என்பது கதை. அந்த அடிமையின் ஆவிதான் காப்பிரி முத்தப்பன். மெழுகுவத்தி, சுருட்டு, கள், அவித்த முட்டை படைக்கிறார்கள். வேண்டிக்கொள்ள எல்லா மதத்தாரும் வருகிறார்கள். வாஸ்கோவுக்குச் சமாதிக் கல்லும் அரசர்களுக்கு அருங்காட்சியகமும் இருக்கிற ஊரில், அவர்களோடு கப்பலின் அடித்தளத்தில் வந்தவனுக்கு இருப்பது இந்த மாடம் மட்டும். எந்தச் சுற்றுலாப் பேருந்தும் இங்கே நிற்காது. நிறுத்த இடமும் கிடையாது.

பசி எடுக்கும்போது புதிய ரோட்டில் காயிக்கா கடை. 1948 முதல் இருக்கிற ரஹ்மத்துல்லா ஓட்டல். சிறுமணிக் கைமா அரிசியில் பிரியாணி. நம் திண்டுக்கல் காரத்தை எதிர்பார்த்துப் போகக்கூடாது. தாமதமாகப் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்பார்கள். கட்டிக்கொடுத்தது பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர். டச்சுக்காரர் பழுதுபார்த்தார்கள், பெயரைத் தட்டிக்கொண்டார்கள். ராஜாவுக்கு அன்பளிப்பு, மிளகுச் சலுகைக்குக் கைம்மாறு. பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். எங்களுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே போக, வெளிநாட்டுக் கூட்டம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தலையாட்டியது. வில்லிங்டன் தீவில் நிற்கும் சொகுசுக் கப்பலிலிருந்து வந்தவர்கள். ஏசி பஸ்ஸில் சில மணி நேரம், மாலையில் கப்பல் கிளம்பிவிடும். அத்தைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. "இங்க பாரு, தசரதன் யாகம் பண்றான். அடுத்தது பாயசம் குடுக்கோணும்" என்று சுவரோடு நகர்ந்துகொண்டே கதை சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்த ஒரு சேலத்துக் குடும்பம் எங்களோடு சேர்ந்துகொண்டது.

அரண்மனைக்கு அடுத்தாற்போல் யூதர் தெரு, அதன் முடிவில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபஆலயம். தரையில் பதித்த நீலநிறச் சீன ஓடுகளையும் கண்ணாடி விளக்குகளையும் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர்களுடைய செப்பேடு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகர் தலைவருக்குப் பல்லக்கு, குடை, பகல்விளக்கு போன்ற உரிமைகளைக் கொடுத்து வெட்டிய ஏடு. எழுத்து வட்டெழுத்து. கொடுத்த இடம் முயிரிக்கோடு, அதாவது பழைய முசிறிப் பக்கம். அந்தச் சமூகமே பிற்பாடு வடக்கிலிருந்து கொச்சிக்கு இடம்பெயர்ந்தது. இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலோர் கொச்சியிலிருந்தும் அங்கே கிளம்பிவிட்டார்கள். தெருவில் இன்று இருப்பவை காஷ்மீர் சால்வைக் கடைகளும் பழம்பொருள் கடைகளும்தான். மிளகு முன்பேர வணிகம் கூச்சலும் கைச்சைகையுமாக நடந்த கட்டடமும் இதே தெருவில்தான். ஏலம் கணினிக்குப் போனபின் அந்தச் சத்தமும் போயிற்று.

சைக்கிளை எதற்கென்று சொல்லவில்லையே. ஃபோர்ட் கொச்சி சமதளம், தங்குமிடங்களிலேயே வாடகைக்குக் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு போகவேண்டிய இடம் தெற்கே வெளி மைதானத்துப் பக்கம் இருக்கும் தோபிக்கானா. பல நூறு ஆண்டுகளுக்கு முன், டச்சுப் படையின் சீருடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். வரிசையாகத் துவைகல் தொட்டிகள், கஞ்சிப் பானை, வெளியே பரந்த புல்வெளியில் கொடிகள். கிளிப் கிடையாது, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் பிரிகளுக்கு நடுவே துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். எவ்வளவு காற்றடித்தாலும் நிற்கிறது. உள்ளே கரி இஸ்திரிப்பெட்டி போடுகிற பெரியவர் ஒருவர் என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"எவிடே, தமிழ்நாட்டுல எந்த ஊரு?"

"கோயம்புத்தூருங்க ஐயா."

"நமக்கும் பூர்வீகம் அந்தப் பக்கம்தான்னு தாத்தா சொல்லும். நான் கண்டதில்ல. வீட்ல இப்பவும் தமிழ்தான். பேரப்பிள்ளைக மலையாளத்துல பேசும், நாங்க தமிழ்ல திட்டுவோம்."

கரிப்பெட்டியை ஒரு கணம்கூட நிறுத்தவில்லை. ஓட்டல் வெள்ளைத் துணி மடிப்பு மடிப்பாக உயர்ந்துகொண்டிருந்தது. வாஷிங் மெஷின் வந்தபிறகு வேலை எப்படி என்று கேட்டேன். "மெஷின்ல போட்டு நாசமாக்கிட்டு இங்க கொண்டுவருவாங்க" என்றார். படகுத்துறையிலிருந்து சைக்கிளில் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆனால் 'எல்லாம் காணிக்கும்' ஆட்டோக்காரரிடம் கேட்டால்தான் இங்கே வருவார், அவராகக் கூட்டிவருவது அபூர்வம். இங்கே விற்பதற்கு ஒன்றுமில்லை.

எப்போது போவது என்பதும் எதில் போவது என்பதைப் போலத்தான். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. பழைய படகில் பக்கவாட்டுத் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள், ஒன்றும் தெரியாது. டிசம்பர் கடைசியில் கார்னிவல் கூட்டம். ஆண்டின் கடைசி நள்ளிரவில் பாப்பாஞ்ஞி என்கிற பிரம்மாண்டக் கிழவன் பொம்மையைக் கொளுத்துவதைப் பார்க்க லட்சக்கணக்கில் வருகிறார்கள். அதற்காகவே போகிறவர்கள் போகலாம், ஊரைப் பார்க்க முடியாது. வாரநாள் கணக்கும் உண்டு. வெள்ளிக்கிழமை அரண்மனை அருங்காட்சியகம் விடுமுறை. ஜெபஆலயம் வெள்ளியும் சனியும் பார்வையாளருக்கு இல்லை. ஞாயிறு பஜார் ரோட்டில் கிடங்குகள் பூட்டு, மூட்டை இல்லை, சுக்கு நெடிகூட அடங்கிக் கிடக்கும். மிச்சம் திங்கள் முதல் வியாழன் வரை. சனி, ஞாயிறு மட்டும் லீவு உள்ளவர்கள் ஆபீசில் ஏதாவது காரணம் சொல்லி ஒரு திங்கட்கிழமையையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.